சோடாவின் பல் பட்ட இடம்

எங்கள் வீட்டு நாய் என்னைக் கடித்தது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை மத்தியானம் வரை அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் நான் காப்பாற்றிய பெரிய ரகசியம் ஜாமெட்ரி பாக்ஸ் தொலைந்துபோனது; அதுவும் ஒரு ராத்திரி தாங்கவில்லை.

நாய்க்கு சோடா என்று பெயர். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு சோடாக் கடையின் பெட்டிகளுக்கு இடையில் கிடந்தவனை அப்பா சாப்பாட்டுப் பையில் போட்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் கொண்டுவந்தார். செம்பட்டை உடம்பு, நான்கு கால்களிலும் ஸாக்ஸ் போட்டதுபோல் வெள்ளை. அப்போது சிட்லபாக்கத்தில் வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். ஏரிக்கரைவரை ஓடிப்போய் உடம்பெல்லாம் சேறோடு திரும்பி வருவது அவனுடைய தினசரி வேலை. அப்படி ஒருநாள் ஏதோ ஒரு தெருநாயோடு சண்டை போட்டுக் காதில் கடி வாங்கி வந்தான். அம்மா மஞ்சள் வைத்தாள். காயம் ஆறிப்போனது. நாங்கள் அதை மறந்தும்விட்டோம்.

வீட்டில் சோடாவைப் பிடிக்காதவள் அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை, பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். கஞ்சி போட்ட காட்டன் புடவையில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் அன்றைக்கு வீடு அதிரும். "இந்த வீட்ல ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வாள். மூன்று வருடமாக இரண்டு பேருமே இருந்தார்கள். சோடா அவளுடைய செருப்பின் மேல்தான் தலை வைத்துத் தூங்குவான். தினமும் காலையில் அவனைத் திட்டிக்கொண்டே செருப்பை உருவிக்கொண்டு ஆபீசுக்குப் போவாள்.

அந்தத் திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சோடா வாசலுக்கு வரவில்லை. மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு அடியில், பழைய சைக்கிளுக்குப் பின்னால் சுருண்டிருந்தான். கூப்பிட்டேன். பிஸ்கட்டைக் காட்டினேன். என்னைப் பார்த்தான், ஆனால் பார்த்ததாகத் தெரியவில்லை. குனிந்து உள்ளே போய்க் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவுதான். கணுக்காலுக்கு மேலே, சுரீரென்று. நான் கத்தக்கூட இல்லை. அவனும் உடனே விட்டுவிட்டு இன்னும் உள்ளே ஒடுங்கிக்கொண்டான்.

இரண்டு பல் பதிந்திருந்தது. ஒன்றில் மட்டும் ரத்தம். கைப்பம்பில் காலைக் கழுவினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். முழங்கால்வரை வரும் யூனிஃபார்ம் ஸாக்ஸை மறுபடியும் இழுத்துவிட்டுக்கொண்டேன்; அதற்குப் பிறகு வீட்டிலும் ஸாக்ஸோடுதான் இருந்தேன். சொல்லக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். காரணம் உண்டு. போன வருடம் பின் தெருவில் ஒரு நாய் ஒரு பையனைக் கடித்துவிட்டது. ஆறேழு பேர் கம்போடு அதைத் துரத்திக்கொண்டு ஓடியதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். காலி மனையின் வேலி ஓரத்தில் அது முடங்கியதையும், அதற்கப்புறமும் அவர்கள் நிறுத்தாததையும்.

மறுநாள் காலை பால்காரர்தான் முதலில் கவனித்தார். ஏரிக்கரைப் பக்கத்து ஆள், நாலு மாடு வைத்திருந்தார். பாலை அளந்துகொண்டே படிக்கட்டுப் பக்கம் பார்த்தவர், சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"சார், நாயி ஒரு மாதிரியா கீது. எச்சில் வுட்டுகினு கீது பாருங்க. வெறி புட்ச்சிருக்கும் போல. புள்ளைய கிட்ட வுடாதீங்க."

அப்பா அன்றைக்கு ஆபீஸ் போகவில்லை. ஒரு கோணிப்பையைக் கையில் சுற்றிக்கொண்டு, நீளக் கம்பால் மெதுவாகத் தள்ளித் தள்ளி, கொல்லைப் பக்கத்துப் பாத்ரூமுக்குள் சோடாவைக் கொண்டுபோய்விட்டார். பூட்டு போட்டார். சாவியைப் பூணூல்போல ஒரு கயிற்றில் மாட்டிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் தாம்பரத்திலிருந்து மாட்டு டாக்டர் மொபெட்டில் வந்தார். கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இறங்கிவந்து கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சந்தேகமாத்தான் இருக்கு சார். பத்து நாள் உயிரோட இருந்தா பயமில்ல. ஆனா அதுவரைக்கும் தாங்கும்னு எனக்குத் தோணல. வீட்ல யாரையாவது கடிச்சிருக்கா? எச்சில் பட்டிருந்தாலும் சொல்லணும். மறைக்கக்கூடாது."

அப்பா எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார். அம்மா இல்லை என்றாள். அத்தை இல்லை என்றாள். நான் இல்லை என்றேன். என் ஸாக்ஸுக்குள் அந்த இடம் விண்விண்ணென்று தெறித்தது. அப்பா என் முகத்தை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு டாக்டரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

புதன்கிழமை சோடாவின் குரல் மாறிவிட்டது. அது குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் உடைந்துபோன ஏதோ ஒன்று. பள்ளிக்கூடம் விட்டுத் தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது. எங்கள் கேட்டுக்கு வெளியே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரின் கையில் கம்பு இருந்தது. எதிர்வீட்டு ரிடையரான சார்தான் பேசினார். எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர், நல்ல மனிதர்.

"கொழந்தைங்க நடமாடற தெரு சார். வெளியே வந்துட்டா யாரு பொறுப்பு? நீங்க உள்ளே போய் உக்காருங்க. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுவாங்க."

அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாதுவான மனிதர் அவர். ரேஷன் கடையில் யாராவது முன்னால் நுழைந்தால்கூட நகர்ந்து இடம் கொடுப்பார். 

"கதவு பூட்டியிருக்கு. சாவி எங்கிட்ட இருக்கு. என் நாய் என் வீட்லயே சாகட்டும் சார்."

யாரும் உடனே போகவில்லை. அந்தப் பின் தெரு நாயின் முதுகு என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஒருவர் கேட்டின் மேல் கை வைத்தார். அப்பா அவர் கையின் மேல் தன் கையை வைத்தார். தள்ளவில்லை, சும்மா வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அந்த மனிதரே கையை எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டு சார், "எது நடந்தாலும் உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மற்றவர்கள் அவர் பின்னால் போனார்கள்.

நான் சொல்லியிருந்தால், என் காலைக் காட்டியிருந்தால், அப்பாவால் அந்த கேட்டைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கு அது தெரியும். ஆகவே இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை எழுந்தபோது கொல்லைப் பக்கம் சத்தம் இல்லை. அப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிக்கொண்டு அவரே குழி தோண்டினார். சுண்ணாம்பும் உப்பும் போட்டார். என்னை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கோணிப்பையிலிருந்து ஒரு வெள்ளைக் கால் மட்டும் வெளியே தெரிந்தது. அம்மா பாத்ரூம் முழுக்க ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்தாள். அவனுடைய அலுமினியத் தட்டு, சங்கிலி, படுக்கிற சாக்கு எல்லாமே குழிக்குள் போயின. அத்தை தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

மூன்று வருடம் என்னோடு வளர்ந்தவன். அவனுக்காக அழ வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை, நான் அழுதால் ஏதாவது கேட்பார்களோ என்று பயமாக இருந்தது. அதைவிட வேறொரு பயம் அழுகைக்கே இடம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தது. செத்துப்போய்விட்டான் என்றால் டாக்டர் சந்தேகப்பட்டது சரி. அப்படியென்றால் நான்?

வெள்ளிக்கிழமை பால்காரர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"நல்லவேள, யாரையும் கடிக்கல. எங்க பக்கம் ஒர்த்தன கட்ச்சி, அவன் ஊசி போட்டுக்காம வுட்டுட்டான்மா. தண்ணிய கண்டாலே அலறுவான். கொரல்வள அப்டியே இஸ்த்துக்கும். தொப்புள சுத்தி பதினாலு ஊசி போட்டுகினா பொயச்சிருப்பான்."

அன்றிலிருந்து நான் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன். தாகத்துக்காக அல்ல. தண்ணீரைக் கண்டால் பயம் வருகிறதா, தொண்டைக்குள் இறங்குகிறதா என்று பார்ப்பதற்காக. அரை மணிக்கு ஒருமுறை ஒரு டம்ளர். இறங்கிவிட்டால் அடுத்த அரை மணி நேரத்துக்கு உயிரோடு இருப்பேன் என்று அர்த்தம். வகுப்பில் ஐந்து தடவை எழுந்து வெளியே போனதற்கு டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றினார். பெஞ்சு மேல் நின்றுகொண்டும் எச்சிலை விழுங்கிப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். அம்மா ஈரத் துணி உலர்த்த மாடிக்குப் போயிருந்தாள். டம்ளரை எடுக்க சமையலறைக்குள் நுழைந்தேன். பானைக்கு முன்னால் அத்தை நின்றிருந்தாள். கையில் நிறைய தண்ணீரோடு ஒரு சொம்பு. குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தாள்.

"ஏண்டி, காலைலேந்து எத்தன தடவ தண்ணி குடிக்கிற?" என்று கேட்டாள். "நானும் பாத்துட்டே இருக்கேன்."

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ சத்தம் வந்தது. நாய்க் குரல்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன். அது அழுகை என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஸாக்ஸைக் கீழே இறக்கினேன்.

அத்தை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள்.

"எப்போ?"

"திங்கக்கெழம."

"ஏண்டி சொல்லல?"

"சோடாவ அடிச்சிடுவாங்கன்னு."

அப்பா ஆபீசிலிருந்து வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. அம்மாவிடம் மாடிப்படியில் நின்று நாலே வார்த்தை கத்திச் சொல்லிவிட்டு, கட்டியிருந்த வீட்டுப் புடவையோடு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பத்து வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ரோடுவரை. அங்கேதான் ஆட்டோ கிடைத்தது. 

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டு எழுதினார். அத்தை என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போனாள். பாதிக் கதவின் மேல்பக்கம் வழியாக எனக்குத் தெரிந்தது. அத்தை வலது கையை நீட்டினாள். டாக்டர் அதைப் புரட்டி விரல்களைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அத்தை இரண்டு விரல்களைத் தன் வாய்க்கு அருகே கொண்டுபோய், தொண்டையைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள். சோடா எப்படிக் குரைத்தான் என்று புகார் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். செத்தபிறகும் இவள் அவனை விடவில்லையே என்றிருந்தது.

வெளியே வந்தபோது அவள் கையில் இரண்டு சீட்டுகள் இருந்தன.

"நீ பயப்படுவ இல்ல, அதான் துணைக்கு நானும் போட்டுக்கறேன். வீட்ல சொல்லாத. அம்மா சிரிப்பாங்க."

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அத்தைக்குப் போடும்போது நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் அழாததால் நானும் அழவில்லை. பதினான்கு நாட்கள் அப்படிப் போயின. காலையில் போவோம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கூனிக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே மாதிரி நடந்து திரும்புவோம். அப்பா லீவு போடுகிறேன் என்றபோது அத்தை விடவில்லை. எனக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து அலைகிறாள் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள்.

இருபது வருடங்களுக்குப் பிறகு, என் மகன் அடம்பிடித்ததால் ஒரு நாய்க்குட்டி வாங்கி, அதற்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். அங்கிருந்த டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னார். வெறி பிடித்த நாய் விழுங்க முடியாமல் வாயைத் திறந்துகொண்டு தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து, பாசத்தில் விரலை உள்ளே விட்டுத் தேடுகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் அத்தை டாக்டரிடம் காட்டிய அந்த இரண்டு விரல்கள் ஞாபகம் வந்தன. சோடாவைப் பூட்டுவதற்கு முன், யாருக்கும் தெரியாமல், அத்தை அந்தப் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்பா கேட்டபோது ஏன் இல்லை என்றாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்றால் அத்தை உயிரோடு இல்லை.

அந்தப் பதினான்காவது நாள் மட்டும் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. கடைசி ஊசி முடிந்து வீட்டுக்கு வந்ததும், அத்தை நேராகக் கொல்லைப் பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். குழி மூடிய இடத்தில் மண் கொஞ்சம் அமுங்கியிருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள்.

"தின்னிப் பயலே! நன்றி கெட்டவனே! உன்ன யாருடா அந்த ஏரிக்கு ஓடச் சொன்னது? யாருடா சொன்னது?"

குரல் கம்மிப்போகும்வரை திட்டினாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செத்துப்போன நாயைப் போய் இப்படித் திட்டுகிறாளே, கொஞ்சம்கூட இரக்கமில்லாதவள் என்று நினைத்தேன். அன்றைக்கு முழுவதும் நான் அத்தையோடு பேசவில்லை.