இடது காலுக்கு ரத்தம் வந்த கதை

ஒன்பதாம் வகுப்புக்கு ரத்த ஓட்டம் பாடம் நடத்துவதில் எனக்கு நிகர் நானேதான் என்று இருபது வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன். இதயத்தின் நான்கு அறைகளையும் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் வரைவேன். என் சொந்த இடது காலுக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியாது. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. மாத்திரையும் போட்டுக்கொண்டு பாயசமும் குடிக்கிற ரகம் நான்.

இரண்டாயிரத்துப் பத்தைத் தாண்டிய புதிது. ஒரு சனிக்கிழமை, மனைவியின் தம்பி கரைமடி வலை இழுக்கிற இடத்துக்குப் போனேன். வாத்தியார் வேலை பார்த்தாலும் நான் கடற்கரைக்காரன். வலை கரையேறும்போது கயிற்றில் கை வைக்காவிட்டால் எனக்கு வாரம் முடிந்ததாகவே தோன்றாது. மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது மைத்துனன் அலறினான்.

"அத்தான், உங்க காலுல கெளிறு தொங்குது!"

பார்த்தால் உண்மைதான். கெளிற்று மீனின் முள் பெருவிரலுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. அந்த மீனோடு நாலைந்து அடி நடந்தும் இருக்கிறேன். கெளிறு குத்தினால் எப்பேர்ப்பட்ட ஆளும் ஊரைக் கூட்டுவான். நானோ சிரித்துக்கொண்டு நின்றேன். "சாருக்கு என்ன தெம்பு, பாத்தியா!" என்று ஒருவர் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் கரையில் கெளிறோ திருக்கையோ குத்தினால் உடனே வெந்நீர் வைப்பார்கள். வாளித் தண்ணீரில் காலை முக்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றுவார்கள். சூட்டில் விஷம் முறியும், வலி இறங்கும். எவ்வளவு சூடு என்பதற்குக் கருவியெல்லாம் கிடையாது. குத்துப்பட்டவன் வாயைத் திறந்து போதும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அந்த வைத்தியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காலில் உணர்ச்சி இருக்கிறவனுக்கு அது சரி. என் காலின் உணர்ச்சியைச் சர்க்கரை எப்போதோ தின்று தீர்த்திருந்தது.

"சுடுதா அத்தான்?"

"இல்லலே. இன்னும் ஊத்து."

மூன்று தடவை ஊற்றினான். மூன்று தடவையும் கெத்தாக இன்னும் என்றேன். கடைசியில் காலை வெளியே எடுத்தபோது, அவித்த மரச்சீனிக் கிழங்கின் தோல் போல என் தோல் கழன்று வந்தது.

வீட்டில் மனைவி காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பிள்ளையளுக்கு அறிவியல் படிப்பிக்கிற ஆளுதானே நீங்க? தண்ணி கொதிக்குதான்னு கைய வெச்சுப் பாக்கத் தெரியாண்டாமா?"

கொப்புளம் புண்ணானது. ஒரு மாதம் மருந்து வைத்துக் கட்டினோம். புண் ஆறுகிற வழியைக் காணோம், பெருவிரல் கறுக்கத் தொடங்கியது. முதலில் காட்டிய ஆஸ்பத்திரியில், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். சுண்ணாம்புக் கட்டியோடு நின்றே பழகியவன் நான். பயந்துபோனேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மனைவி கதவைத் தட்டினாள். "அழுது முடிஞ்சுதுன்னா வெளிய வாங்க. புண்ணு ஏன் ஆறல்லன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல்ல. அது தெரியாம நான் கால விட்டுக்குடுக்க மாட்டேன்."

நாகர்கோவிலில் ரத்தக்குழாய் பார்க்கிற ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். நெல் வயல் பக்கத்து ஆள், பேச்சிலேயே தெரிந்தது. அவர் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து வெகுநேரம் நாடி தேடினார். பிறகு பேனா போன்ற ஒரு கருவியை வைத்தார். வலது காலில் உஷ், உஷ் என்று நல்ல சத்தம். இடது காலில் வானொலி கெட்டுப்போன மாதிரி ஒரு இரைச்சல்.

"கடைமடை வயலுக்குத் தண்ணி போவல்ல சாரே. அப்புறம் எத்தன மூட்டை உரம் போட்டு என்ன? மருந்து ரத்தத்தோடதானே போய்ச் சேரணும்."

"அப்போ வாய்க்கால முதல்ல தூர்வாருங்க டாக்டர்" என்றாள் மனைவி. அவர் சிரித்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்குக் கடிதம் எழுதினார்.

களியக்காவிளை நெரிசலில் கார் நின்ற நேரமெல்லாம் என் கால் அவள் மடியில் இருந்தது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, அடைப்பு இருந்த இடத்தில் குட்டி பலூனை ஊதினார்கள். எனக்கு நினைவு இருந்தது, திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். முதலில் மருந்துச் சாயம் முழங்காலுக்குக் கீழே வந்து முட்டி நின்றது. பலூனை ஊதி எடுத்ததும் கணுக்கால் வரைக்கும் ஓடியது. "வந்தாச்சு, வந்தாச்சு!" என்று கத்திவிட்டேன். "சாரே, அனங்கல்லே!" என்று அந்த ஊர் டாக்டர், அசையக் கூடாது என மலையாளத்தில் அதட்டினார்.

ஆனால் கால் தங்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. கறுத்த விரலை எடுக்கத்தான் வேண்டும். எடுக்கிற இடத்தில் ரத்தம் கசிந்தால் புண் ஆறும், பாதம் பிழைக்கும். கசியாவிட்டால் கத்தி முழங்காலுக்குக் கீழே வரைக்கும் ஏறும். முன்பெல்லாம் புண்ணைச் சுரண்டும்போது ஒரு சொட்டுகூட வந்ததில்லை.

சில நாள் கழித்து, நாகர்கோவிலில் விரலை எடுத்தார்கள். மனைவி கெஞ்சிக் கூத்தாடி வாசலருகே நிற்க அனுமதி வாங்கியிருந்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கிண்ணத்தில் கத்தி வைக்கிற சத்தம் கேட்டது. அதற்குள் நான் சொல்லாத செபம் இல்லை. அப்புறம் அவர், "ஏ, பஞ்சு குடும்மா, பஞ்சு குடு" என்று அவசரமாகக் கேட்டார். குரலில் சிரிப்பு இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி வராந்தாவில் அவள் தம்பியிடம் போனில் கத்துவது கேட்டது. "லேய் மக்கா, ரத்தம் வருதுலே! நல்ல சிவப்பா வருது!"

அவன் என்ன கேட்டானோ, "டாக்டரும் சிரிச்சுக்கிட்டுதாம்லே நிக்காரு!" என்றாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் அவளைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. நர்ஸ் பதறிப்போய், "வலிக்குதா சார்?" என்று கேட்டார்.

"இல்லம்மா," என்றேன். "கால் இருக்கு."