மெழுகு யானைகள் காட்டை விட்டுப் போன கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். திருவட்டாறு பக்கத்தில் எங்கள் ஊருக்கு முதன்முதலாக, கூடாரம் அடித்துப் படம் காட்டும் டேரா சினிமா வந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை.

மலைக்காட்டிலிருந்து இறங்கும் ஓடைதான் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர். அந்தக் காட்டை வெட்டி ரப்பர் வைக்க ஓர் எஸ்டேட்காரர் சர்க்காரிடம் அனுமதி கேட்டிருந்தார். ஊரே சேர்ந்து மனு கொடுத்தால் தடுக்கலாம். ஆனால் ஊருக்குக் காட்டின் மேல் என்ன பிரியம்? காட்டுப்பன்றி வந்து மரச்சீனிக் கிழங்கைத் தோண்டிப் போடுகிறதே என்ற எரிச்சல்தான் எல்லோருக்கும்.

என் அண்ணன் நாகர்கோவிலில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். எங்கிருந்தோ ஒரு பழைய சினிமா காமிராவை வாங்கி வந்து, "வாயால சொன்னா கேக்க மாட்டாங்க மக்கா. பிள்ளையளும் பெரியவங்களும் சேந்து பாக்கற மாதிரி படமாக் காட்டுவோம்" என்றார்.

கம்பியை வளைத்து, அதன்மேல் மெழுகு பூசி யானை, குரங்கு, அணில், மரம் வெட்டுகிறவன், விவசாயி எல்லாம் செய்தோம். பொம்மையின் காலை நான் ஒரு நெல்மணி அளவு நகர்த்துவேன். அண்ணன் ஒரு படம் எடுப்பார். மறுபடி நகர்த்துவேன். வெயில் ஏறினால் யானையின் தும்பிக்கை உருகித் தொங்கிவிடும். அன்றைய பாடெல்லாம் வீண். நாள் முழுக்க முதுகொடியச் செய்த வேலை, திரையில் ஒரு கட்டன்சாயா குடிப்பதற்குள் ஓடிவிடும்.

கதை இதுதான்: மரங்கள் விழுகின்றன, மிருகங்கள் குட்டிகளோடு காட்டை விட்டுப் போகின்றன, ஓடை வற்றுகிறது, வெடித்த வயலில் விவசாயி முழங்காலில் தலையைக் கவிழ்த்து உட்காருகிறான். ஊமைப்படம். எழுத்து ஒன்றும் போடவில்லை. பார்த்தாலே புரியுமே என்று நினைத்தோம்.

டேரா முதலாளி எங்கள் படத்தைப் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டச் சம்மதித்தார். ஊமைப்படங்களுக்கு அங்கே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் பிரம்போடு நின்று கதை சொல்வார். அன்று முன்வரிசை நாற்காலியில் எஸ்டேட்காரர் உட்கார்ந்திருந்தார். டேரா முதலாளி அவருக்கு வேண்டியவர் என்பது எங்களுக்குத் தெரியாது.

யானைகள் நடக்கத் தொடங்கியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு மனம் பூரித்துப் போயிற்று. அப்போது பிரம்புக்காரர், "பாருங்க, எஸ்டேட் வந்தாச்சு. ஆனையும் பன்னியும் ஊரைத் தொல்லை பண்ணாம ஒழிஞ்சு போகுது" என்றார். ஜனம் ஆரவாரித்தது. அண்ணன் பின்னால் நின்று மிஷினைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவதை நிறுத்தினால் விளக்குச் சூட்டில் பிலிம் பற்றி, கொட்டகையே எரிந்துவிடும். அந்தப் பொய்க்கு அவரே சுற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் விவசாயி தலையைக் கவிழ்த்தபோது, "இனி ராத்திரி காவல் இல்ல. நிம்மதியா உறங்குகான்" என்றார் அந்த மனுஷன்.

நான் எழுந்து, "பொய், அவன் அழுகான்" என்று கத்தினேன். பின்னாலிருந்த பக்கத்து வீட்டுக்காரி என் தோளை அழுத்தி, "ஏட்டி, இரி. படம் மறைக்கு" என்றாள்.

மனுவில் கையெழுத்துப் போட ஆளே வரவில்லை. காடு போயிற்று. சில கோடைகளுக்குள் ஓடையும் போயிற்று. அண்ணன் காமிராவை விற்றுவிட்டார்.

ஒருநாள் அதே பக்கத்து வீட்டுக்காரி வெறுங்குடத்தோடு எங்கள் கிணற்றடிக்கு வந்தாள். "காடு போனா நல்லதுண்ணு படத்துல காட்டுனது நீங்கதானே. அதைப் பாத்துத்தானே நாங்க சும்மா இருந்தோம்" என்றாள். அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நம்பியிருந்தாள்.

குடத்தை நிரப்பிக் கொடுத்தேன். நாங்கள் செய்த பொம்மைகளை வைத்தே எங்கள் ஓடையைப் பறித்துக்கொண்டார்களே என்ற ஆத்திரம் இந்த வயதிலும் எனக்கு ஆறவில்லை.