ஆயுத பூஜை அன்று போனில் பேசியவர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் வேறு வேலை பார்க்கிற ஆள் நான். இயற்பியல் படித்தவள். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது லாஸ்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். கேபிள்காரர் கொடுத்த ஒரே இன்டர்நெட் இணைப்பை மாடியில் இருந்த வீட்டுக்கார அக்காவும் நாங்களும் பங்கு போட்டுக்கொண்டோம். அதைப் பிரித்துக் கொடுக்கிற ஸ்விட்ச், ஐந்து ஓட்டை உள்ள சின்னப் பெட்டி, எங்கள் மேசைக்கு அடியில் இருந்தது. கணவருக்குக் கப்பலில் வேலை. மாலை நான்கு மணிக்குத் துறைமுகத்து பிரவுசிங் சென்டரிலிருந்து வெப்கேமில் வருவதாகச் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பிவிட்டால் பிறகு ஐந்து மாதம் ஆகும். பத்து மாதக் குழந்தையை அதுவரை அவர் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார்.

அன்று ஆயுத பூஜை. காலையில் கம்ப்யூட்டர், ஸ்விட்ச், போன் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தேன். மூன்றரைக்கு உட்கார்ந்தால் ஒரு பக்கம் திறப்பதற்குள் உயிர் போகிறது. படியிலிருந்து அக்கா கத்தினார்.

"ஏம்மா, எங்களுக்கும் நெட்டு இழுக்குது! பூச போட்டு அதையும் சாமிக்கே படைச்சிட்டியா?"

"இருங்கக்கா, பாத்துட்டுதான் இருக்கேன்."

மோடத்தை அணைத்துப் போட்டேன், வயர்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன், ஸ்விட்சில் விளக்குகள் வெறி பிடித்தது போல மின்னின. விடுவதாக இல்லை நான். கேபிள் ஆபீசுக்கு போன் போட்டேன். மணியே அடிக்காமல் வயதான ஆண் குரல், "சொல்லும்மா" என்றது. சொன்னேன்.

"நெட்டு நல்லாத்தான் வருது. ஒரே வயரோட ரெண்டு முனையையும் அந்தப் பெட்டியிலயே சொருகிட்ட பாரு. உள்ளுக்குள்ளயே சுத்திக்கினு கெடக்குது."

குனிந்து தடவினால், உண்மை. உபயோகத்தில் இல்லாத வயர் ஒன்று, முனைகள் தொங்குகிறதே, ஒழுங்காக இருக்கட்டும் என்று நானேதான் சொருகியிருக்கிறேன். ஒரு முனையைப் பிடுங்கினேன். பக்கம் மளமளவென்று திறந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் சார்."

"அது கெடக்கட்டும். திரும்பிப் பாரு, புள்ள வாயில வயரு."

தூங்கிக்கொண்டிருந்தவள் எப்போது தவழ்ந்து வந்தாளோ, மேசை விளக்கின் வயரைக் கடித்துக்கொண்டிருந்தாள், ரப்பர் உரிந்து செம்பு தெரிந்த இடத்துக்கு விரற்கடை தள்ளி. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். அவளை மடியில் போட்டுக்கொண்டு ரிசீவரை எடுத்தேன். அந்தக் குரல் இன்னும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டது.

போனை வைக்கும்போதுதான் பார்த்தேன். போனில் வயரே இல்லை. காலையில் கழற்றிய வயர் அப்படியே பூஜைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பதற்றத்தில் நீயே இழுத்திருப்பாய் என்பீர்கள். நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் இழுத்திருந்தால், அதைச் சுருட்டி ரப்பர் பேண்டா போட்டிருப்பேன்?

நான்கு மணிக்கு அவர் திரையில் வந்தார். மகள் அவர் மூக்கின் மேல் படபடவென்று தட்டினாள். அவரும் அங்கே திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில், "நெட்ட நீயா சரி பண்ண?" என்றார். ஆமாம் என்றேன். கப்பலேறப் போகிறவரிடம் வேறென்ன சொல்வது?

அந்தக் குரல் கடைசியாகச் சொன்னதை இன்றுவரை அவரிடமும் சொல்லவில்லை. ரிசீவரை மறுபடி காதில் வைத்தபோது அந்த மனிதர் தேம்பிக்கொண்டிருந்தார்.

"இந்த வாட்டியாவது சொல்ல முடிஞ்சுதே" என்றார்.