பெயர் சொல்லாத மன்றாட்டு

மருந்துக்கடைக் கல்லாவில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எங்கள் அக்காவுக்கு அந்த எண்ணம் முதன்முதலில் தோன்றியது. அக்கா கோலா சிலாங்கூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்து வந்தார். நான் அப்போது ஐந்தாம் படிவம். பள்ளி விடுமுறை என்பதால் அவருக்கு மதியச் சாப்பாடு எடுத்துப் போயிருந்தேன்.

தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் உள்ளே வந்தாள். நம் தமிழ்ப் பெண்தான். இருமல் மருந்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடையில் ஆள் குறைந்ததும் கல்லாப் பக்கம் குனிந்தாள்.

"அக்கா, நாள் தள்ளிப் போச்சு. கலைக்கிறதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா?"

அக்கா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "சாப்பிட்டியாம்மா?" என்றார்.

"இல்லக்கா."

நான் கொண்டுபோன சாப்பாடு அவளுக்குப் போனது. பின்னால் இருந்த சரக்கு அறையில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். வயிற்றில் வந்துவிட்ட உயிரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்பதில் அக்கா கடைசிவரை உறுதியாக இருந்தவர். ஆனால் அன்று அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உனக்கு என்னம்மா ஆசை?" என்று மட்டும் கேட்டார்.

"பெத்துக்கணும்னுதான்க்கா இருக்கு. எங்க இருந்து பெத்துக்கிறது? வீட்டுக்குத் தெரிஞ்சா அண்ணன் கொன்னே போட்டுரும். வயிறு தெரிஞ்சா ஹாஸ்டல்லயும் வெச்சுக்க மாட்டாங்க."

அன்று வேலை முடிந்து பேருந்தில் வரும்போது அக்கா வெளியே பார்த்தபடி பேசினார். "கருவைக் கலைக்காதீங்கன்னு வருஷா வருஷம் மாதா கோயில்ல பேனர் கட்டுறோம். கலைக்காம எங்க போய் இருக்கிறதுன்னு ஒரு பேனர்லயும் போடலியேடி." நாங்கள் இறங்கும் இடம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டார். "பின்னறைய காலி பண்ணணும். உங்க அத்தானோட தூண்டில் எல்லாத்தையும் தூக்கி வெளிய போடு."

அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் பேருந்துதான். ஆனாலும் பிறந்த இடத்திலிருந்து சொல்வதுதான் முறை. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அக்கா பிறந்தார். அப்பா டிராக்டர் ஓட்டினார். அவர் இறந்தபோது நான் கைக்குழந்தை. அம்மா மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் கூலியில் எங்களைக் காப்பாற்றினார். எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி ஆகவேண்டும், மருத்துவமனையில் வெள்ளை உடுப்பு போடவேண்டும் என்பது அக்காவின் கனவு. என் படிப்புக்காக அந்தக் கனவை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றார்கள், லயம் காலியானது, நாங்கள் கோலா சிலாங்கூருக்கு வந்தோம். பழம் ஏற்றும் லோரி ஓட்டிய அத்தானை அக்கா மணந்தார். இருமுறை கருவுற்றார். இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. இரண்டுக்கும் பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர்களை என்னிடம் மட்டும் சொன்னார். அவை இந்த நினைவு மலரில் இல்லை.

மருந்துக்கடைக்கு வந்த அந்தப் பெண் எங்கள் பின்னறையில் தங்க வந்தாள். முன்வாசலில் அக்கம்பக்கத்தார் கண் இருக்குமே என்று அத்தான் பின் சந்தில் இருக்கும் கேட்டைத் திறந்து வைத்தார். அவள் போக, வர எல்லாம் அந்த வழிதான். கேரம் விளையாட்டில் என்னைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தாள். அக்கா சமைத்துக்கொண்டே பாடினால், "அக்கா, வயித்துல பிள்ளை பயந்துரும்" என்பாள். அக்கா கரண்டியோடு துரத்துவார். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் இருந்ததில்லை.

அக்கா தம் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு ஒரு செபம். நினைவு மலரில் இதை எழுதலாமா என்று அம்மா கேட்டார். எழுதச் சொன்னதே அக்காதான்.

கருவிலிருக்கும் உயிர்களுக்காக ஆலயத்தில் சிறப்பாக மன்றாடிய ஒரு ஞாயிறு. திருப்பலியில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கும் முறை அக்காவுடையது. எங்கள் இல்லத்தில் தங்கியிருக்கும் இளம் சகோதரிக்காகவும், அவள் வயிற்றிலுள்ள குழந்தைக்காகவும், அவளுடைய தோட்டத்துக் குடும்பத்தார் மனம் மாறவும் என்று உருக்கமாக வாசித்தார். பெயரைச் சொல்லவில்லை. தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். கோயிலே சேர்ந்து, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது.

திருப்பலி முடிந்து மண்டபத்தில் காப்பி குடிக்கும்போது எங்கள் வட்டார அன்பியச் செபக்குழுவைச் சேர்ந்த அம்மா ஒருவர் அக்கா கையைப் பிடித்தார். "பாவம்மா அந்தப் பிள்ளை. அந்தத் தோட்டத்துல எங்க சொந்தம் இருக்கு. நான் நல்லவிதமா பேசிப் பாக்குறேன்." அவர் மனதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. யார் மனதிலும் இல்லை. நெஞ்சை அறுப்பது அதுதான்.

அந்த வாரமே அவளுடைய அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து முன்வாசலில் நின்றார். "எங்க வீட்டு மானத்த மைக்குல வெச்சுப் பேசுனீங்களாமே?"

"தப்புதான் தம்பி. என்னைத் திட்டு, அடிக்கக்கூடச் செய். அவ பெத்து முடிக்கிற வரைக்கும் இங்க விட்டுரு."

"உங்க செபம் எல்லாம் போதும்க்கா."

அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். அக்காவைக் கடந்து போகும்போது நின்றாள். "நீங்களுமாக்கா?" என்றாள். அவ்வளவுதான். மோட்டார் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அவள் குழந்தையைப் பெற்றெடுத்தாளா, இல்லையா? இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அக்காவைக் கடைசிவரை தின்றது அந்தக் கேள்விதான்.

அதற்குப் பிறகு அக்கா மன்றாட்டு வாசிக்கப் போகவில்லை. வீட்டுச் செபமாலையில், "அவளுக்காக" என்று மட்டும் சொல்வார். நான் ஒருநாள் கேட்டேன். "யாருன்னு சொல்லாம வேண்டிக்கிட்டா எப்படிக்கா?"

"ஆண்டவருக்கு அட்ரஸ் தெரியும்லா. நாம மைக்குல சொல்லிக் குடுக்க வேணாம்."

பின்னறை மறுபடி நிறைந்தது. ஈஜோக்கிலிருந்து, ரவாங்கிலிருந்து, கோலா குபு பாரு பக்கமிருந்து பெண்கள் வந்தார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவளா, திருநீறு பூசுகிறவளா என்று அக்கா கேட்டதில்லை. சிலர் பெற்றெடுத்துக் குழந்தையோடு போனார்கள். மனம் மாறி, வேறு முடிவெடுத்துப் போனவர்களும் உண்டு. அந்த நாள்களில் அக்கா சாப்பிடமாட்டார், அழுவார். ஆனால் போகிறவள் கையில் சோற்றுப் பொட்டலம் கொடுத்துத்தான் அனுப்புவார். "ஏன்க்கா?" என்றால், "திரும்பி வரணும்னு தோணுனா மூஞ்சியப் பாக்க முடியணும்ல" என்பார்.

பல்கலைக்கழகம் முடித்து நான் ஆயிரம் திட்டங்களோடு வந்தேன். பேஸ்புக் பக்கம் தொடங்கலாம், காணொளி போடலாம், லோகோ வரையலாம் என்று மூச்சுவிடாமல் பேசினேன்.

"லோகோவுல என்ன போடுவ, என் மூஞ்சியா?"

"சீரியஸாப் பேசுறேன்க்கா. டிக்டாக்ல போட்டா சிலாங்கூர் பூரா தெரியும்."

"ஒளிஞ்சு வர்ற பிள்ளைங்களுக்கு டிக்டாக்கா? நல்லா இருக்குடி உன் படிப்பு."

அப்போதே அக்காவின் சிறுநீரகங்கள் பழுதாகியிருந்தன. இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு கை இயந்திரத்தில் இருக்க, மறு கையில் போனைப் பிடித்தபடி யாரோ ஒருத்தியிடம், "வாந்தி நின்னுருச்சா? கஞ்சி குடி" என்று சொல்லிக்கொண்டிருப்பார். மிஸ்ஸி அதட்டினால் கண்ணடித்துவிட்டு மெதுவாகத் தொடர்வார்.

உடல் நலிந்த பிறகு ஒரு மாலை நான் கேட்டேன். "அந்த முதல் பொண்ண நான் தேடிக் கண்டுபிடிக்கட்டுமாக்கா? பேஸ்புக்ல பாத்தா ரெண்டே நாள்."

"தேடாதடி. நாம தேடிப் போனா இன்னொரு தடவ காட்டிக் குடுத்த மாதிரி. அவளா வரணும்."

கடைசியாக மருத்துவமனையில் நினைவு வந்துவந்து போனபோது அத்தானிடம் கேட்டது இதுதான்: "பின் கேட்ட பூட்டிட்டீங்களா?"

"இல்லம்மா."

"பூட்டாதீங்க. அவ முன்னால வர மாட்டா."

மறுநாள் அக்கா போய்விட்டார்.

இறுதிச் சடங்கன்று பந்தலின் கடைசி வரிசையில், குழந்தைகளோடு சில பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உறவினர்களான நீங்கள் பலர், "யார் வீட்டுப் பிள்ளைங்க இவங்க?" என்று கேட்டீர்கள். "அக்காவுக்குத் தெரிஞ்சவங்க" என்றே சொன்னோம். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் இல்லை.

உதவியவர்களின் பெயர் போட்டு நன்றி சொல்வதுதான் வழக்கம். எங்களால் முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியச் சோறு சமைத்துக் கொடுத்து, யார், எவர் என்று ஒருநாளும் கேட்காத பக்கத்து வீட்டு அத்தைக்கும், வேலை முடிந்து போகும் வழியில் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன மலாய்க்கார மிஸ்ஸிக்கும், அழைத்தபோதெல்லாம் டாக்சியோடு வந்து கண்ணாடியில் பின்னால் பார்க்காமல் ஓட்டிய பெரியவருக்கும், அக்காவின் தவறைக் கேட்டு அக்காவோடு சேர்ந்து அழுத எங்கள் பாதருக்கும் நன்றி. நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும்.

அக்கா போன பிறகு, வீட்டை விற்றுவிட்டுத் தம் அண்ணனோடு போய் இருக்கலாமா என்று அத்தான் நினைத்தார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. ஒருநாள் நான் போனபோது பின் கேட்டின் துருப்பிடித்த கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "சத்தம் போடுது, வர்ற பிள்ளை பயந்துரும்" என்றார். அதோடு விற்கும் பேச்சு நின்றது.

வருகிற சனிக்கிழமை அத்தானின் லோரியில் மெத்தை, மின்விசிறி, அரிசி மூட்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு கெர்லிங் போகிறோம். அங்கே ஓர் ஆசிரியத் தம்பதி தங்கள் வீட்டில் இப்படி வரும் பிள்ளைகளுக்காக ஓர் அறை தருகிறார்கள். லோகோ இல்லை, காணொளி இல்லை. பின்பக்கம் ஒரு சந்து இருக்கிறது, போதும். அந்த வீட்டுப் பின் கேட்டில் பெரிய பூட்டு ஒன்று தொங்குகிறதாம். முதல் வேலையாக அதைக் கழற்றவேண்டும்.

இந்த மலர் கைமாறிக் கைமாறி எந்தத் தோட்டத்துக்கும் போகும். உன் கைக்கும் ஒருநாள் வரலாம். உன்னிடம் எதுவும் கேட்கமாட்டோம். அக்கா உன்னிடம் மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தார், காத்திருந்தே போய்விட்டார். கேரம் பலகை அதே அறையில்தான் இருக்கிறது. கேட் இப்போது சத்தம் போடுவதில்லை.