பாதிப் பாதி டீ

பெயிண்ட் கடையில் கலர் கலக்கித் தருவதுதான் அவர் வேலை. முப்பது வருஷமாக அதே வேலை. பழைய சுவரிலிருந்து நகத்தளவு சில்லு பெயர்த்துக்கொண்டு போனால் போதும், அச்சு அசலாக அந்த நிறத்தை டப்பாவில் இறக்கிவிடுவார். ஐம்பத்தாறாவது வயதில் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. அதிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு நாலு மணி நேரம், ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு கட்டிப்போட்ட மாதிரிக் கிடந்தார்.

பக்கத்துக் கட்டிலில் நர்சரிப் பள்ளி டீச்சர் ஒருத்தி. நாற்பதைத் தொடவில்லை. கல்யாணம் ஆகவில்லை, அக்காவோடு இருந்தாள். இருவருக்கும் ஒரே கண்டிப்பு: ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. அதனால் சிகிச்சை முடிந்ததும் கேன்டீனில் ஒரே ஒரு டீ வாங்கி, இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றிக்கொள்வார்கள். இரண்டு மடக்கில் தீர வேண்டியது அரை மணி நேரம் ஓடும். அவள் வகுப்புக் குழந்தைகளின் அட்டகாசத்தைச் சொல்வாள். வெளியூர்த் தம்பி ஒரு சிறுநீரகம் தரச் சம்மதித்திருப்பதையும், பரிசோதனையில் எல்லாம் பொருந்திவிட்டதையும் சொல்வாள். வீட்டில் மருமகள் தண்ணீர்ச் சொம்பை ஒளித்துவைக்கிறாள் என்று அவர் புகார் படிப்பார்.

ஊரார் சுவருக்கெல்லாம் கலர் கொடுத்தவர் தனக்கென்று ஒரு படம் வரைந்ததில்லையா என்று ஒருநாள் அவள் கேட்டாள். அந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. கடையில் மிஞ்சிய சாம்பிள் பெயிண்டால், ஒரு பிளைவுட் துண்டில், அந்தக் கேன்டீன் மேசையை வரைந்தார். இரண்டு கிளாஸ், அவளுடைய மூக்குக்கண்ணாடி, மாத்திரை அட்டை, கையிலிருந்து பிரித்துப்போட்ட பஞ்சு. டீயின் நிறம் மட்டும் பிடிபடாமல் நாலு தடவை அழித்தார்.

டீச்சர் அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு கிளாஸையும் நிறைச்சு வச்சிருக்கீங்களேண்ணா."

"படத்துல இருக்கிறதுக்கு டாக்டர் திட்ட மாட்டாரும்மா."

சிரித்தாள். சிரிப்பு அடங்கியபிறகு, முந்தின நாள் தம்பி போன் செய்ததைச் சொன்னாள். அவன் மனைவி அழுகிறாளாம், கைக்குழந்தை வேறு இருக்கிறதாம்.

"அவனைக் குத்தம் சொல்ல முடியாது" என்றாள்.

அவர் படத்தை அவளிடமே கொடுத்துவிட்டார்.

மறுமாதம் அவள் வருவதை நிறுத்தினாள். இரண்டு முறை கட்டில் காலியாகக் கிடந்ததும் விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். கால் இரண்டும் வீங்கி, தலையணைகளில் சாய்ந்திருந்தாள். டாக்டரும் அக்காவும் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தார்கள். அவரும் ஒரு மணி நேரம் கெஞ்சிப் பார்த்தார்.

"இனிமே ஊசி வேண்டாம்ணா. போதும்."

அக்கா இரண்டு கிளாஸ் நிறைய டீ கொண்டுவந்தாள். அவருக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை. தன்னுடையதை முடித்த டீச்சர் கை நீட்டி, அவர் வைத்த மிச்சத்தையும் வாங்கிக் குடித்தாள்.

அடுத்த வாரமே போய்விட்டாள். காரியங்கள் முடிந்ததும் அக்கா அவரைக் கூப்பிட்டு, படத்தைத் திரும்ப எடுத்துப்போகச் சொன்னாள். அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் இருக்க முடியவில்லையாம். துணியில் சுற்றி எடுத்துவந்து பீரோவுக்குப் பின்னால் சொருகினார். பிறகு அவர் எதையும் வரையவில்லை.

பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒரு லாரி டிரைவர் வந்தார். முதல் நாள். ஊசியைப் பார்த்து மிரண்டுபோயிருந்தார். இதெல்லாம் எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்டார். பெயிண்ட் கலக்குகிறவர் காதில் விழாதவர்போலச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.