டிரைவரின் இரண்டாவது தூக்கம்

அறுத்த டாக்டருக்குப் பழக்கூடை வரும். தூங்க வைத்த டாக்டரின் முகம்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆபரேஷன் தியேட்டரில் எல்லாரும் ‘தூக்கம்மா’ என்று கூப்பிடும் அந்த மயக்க டாக்டருக்கு இதில் துளியும் வருத்தமில்லை. முகம் மறந்து போனால்தான் வேலை ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம் என்பார். ஊர் நினைப்பதுபோல அவர் கொடுப்பது ஒரே மருந்தும் அல்ல. தூங்க வைக்க ஒன்று, வலிக்கு ஒன்று, தசையைத் தளர்த்த ஒன்று. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்காத வீம்புக்கார அண்ணன் தம்பிகள். தசைக்காரன் கைகாலைக் கட்டிப்போடுவான், மூச்சையும் நிறுத்துவான்; தூக்கத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒரு மதியம் பஸ் டிரைவர் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். படியில் தவறி விழுந்து, வலது கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. மனுஷன் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தார். சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்காமல் சட்டென்று தொண்டையில் குழாய் போட வேண்டும். அதற்கென்றே உள்ள, சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் விட்டுவிடும் தசை மருந்தைத் தூக்கம்மா கொடுத்தார். புண்ணைக் கழுவியாயிற்று, எலும்புக்குத் தகடு வைப்பது அடுத்த வாரம். தசை மருந்து விட்டிருக்கும் என்று எப்போதும்போல நம்பி, சோதித்துப் பார்க்காமலே தூக்க வாயுவை நிறுத்தினார்.

டிரைவர் அசையவில்லை. மூச்சும் வரவில்லை. நாடி மட்டும் எகிறியது. கண்ணோரம் நீர் வழிந்ததைப் பார்த்ததும் தூக்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தசை மருந்தை உடம்புக்குள் உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே சரியாக இருக்காது. டிரைவர் உள்ளே விழித்துக் கிடக்கிறார், விரலைக்கூட அசைக்க முடியாமல்.

தூக்கம்மா அவர் காதருகே குனிந்தார். “அண்ணா, நீங்க முழிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பயப்படாதீங்க, மூச்சு நான் குடுக்கிறேன். இதோ, திரும்பத் தூங்க வைக்கிறேன்.”

மருந்து தானாக விடும்வரை மெஷின் மூச்சுக் கொடுத்தது. போய்ச் சாப்பிடச் சொன்னவர்களை முறைத்துவிட்டு, சாயங்காலம் வரை டிரைவரின் தலைமாட்டிலேயே தூக்கம்மா உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வார்டுக்குப் போய் மழுப்பாமல் சொன்னார். “தப்பு என் மேலதான் அண்ணா. பார்க்காம எழுப்பிட்டேன்.”

டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். “இனிமே அந்த டேபிள்ல என்னால படுக்க முடியாது.”

“தகடு வைக்கலன்னா ஸ்டியரிங் எப்படிப் பிடிப்பீங்க?” என்றார் மனைவி. தன் அவசரத்தால் ஒரு மனுஷனின் பிழைப்பே போகப் பார்க்கிறதே என்று அந்த வாரம் முழுக்கத் தூக்கம்மா குமைந்தார். கடைசியில் ஒரு வழியோடு வந்தார்.

“தூங்கவே வேண்டாம் அண்ணா. கையை மட்டும் மரத்துப்போக வைக்கிறேன். நீங்க பேசிக்கிட்டே இருக்கலாம்.”

டிரைவர் அரைமனதாகச் சம்மதித்தார். ஆனால் டேபிளில் படுத்து விளக்கைப் பார்த்ததும் குப்பென்று வியர்த்தது.

“டாக்டரம்மா, வேண்டாம். முழிச்சுக்கிட்டு இங்க படுக்க முடியல. தூங்கவே வச்சிடுங்க.”

“அந்தப் பழைய மருந்து இனி உங்களுக்குக் கிடையாது. வேற இருக்கு. அது விட்டுச்சான்னு பார்த்துட்டுத்தான் எழுப்புவேன். ஆனா...” தூக்கம்மா அருகே குனிந்தார். “என்னையா நம்புறீங்க?”

“அன்னிக்கு நான் செத்துட்டேன்னுதான் நினைச்சேன். உங்க குரல் கேட்டுச்சு. அப்புறம்தான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சுது.”

தூக்கம்மா பால் போன்ற தூக்க மருந்தை ஊசியில் ஏற்றினார். டிரைவர் இடது கையைத் தானே நீட்டினார். மருந்து நரம்பில் ஏறுவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டார்.