விஞ்ஞானிக்கு எதிராக வந்த நாலாவது பெட்டிசம்

1. நல்ல மனிதருக்கு விசா இல்லை

"வாசிச்சுப் பாருங்கோ தங்கச்சி. நாங்கள் அனுப்பின ஒண்டும் சரிவரேல்லையாம்."

நடேசலிங்கம் தன் விசா அலுவலைப் பார்க்கும் அமெரிக்கச் சட்டத்தரணியின் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். அது எண்பத்தாறாம் ஆண்டு. மருதனார்மடம் சந்தியில், சந்தைக்கு எதிரே ஒரு சின்ன அறையில், நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு என்று தமிழில் வருவதை இங்கிலிஷில் மாற்றி, டைப் அடித்து, சீல் குத்திக் கொடுப்பது என் தொழில். எண்பத்திமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள்தான்.

நடேசலிங்கம் நிலத்தடி நீரை ஆராயும் அரசாங்க விஞ்ஞானி. கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்த பிறகு மனைவியும் மகளும் அமெரிக்காவுக்குப் போய், மனைவியின் தமையன் வீட்டில் தங்கியிருந்தார்கள். இவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டார். இப்போது அவர்களுடைய விசா முடியப்போகிறது. தொழிலில் விசேட திறமை உள்ள விஞ்ஞானி என்று இவர் நிரூபித்தால் மூன்று பேரும் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை ஷெல் விழுகிற ஊருக்குத் திரும்பி வரவேண்டும்.

நிரூபிப்பதற்கு என்று நாங்கள் அனுப்பியது நற்சான்றிதழ்களை. எங்கள் ஆட்களுக்கு நற்சான்றிதழ் எழுதத் தெரிந்த விதம் ஒன்றுதான். பழைய அதிபர், "நல்ல குடும்பத்திற் பிறந்தவர், பெரியோரை மதிப்பவர்" என்று எழுதியிருந்தார். கோயில் தர்மகர்த்தா திருவிழா உபயத்தைச் சொல்லியிருந்தார். ஊர் விதானையார், பொலிசில் ஒரு முறைப்பாடும் இல்லை என்று உறுதிப்படுத்தியிருந்தார். எல்லாவற்றையும் நான்தான் அழகாக டைப் அடித்தேன். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பதென்றால் அந்தக் கடிதக் கட்டு போதும்.

சட்டத்தரணி எழுதியிருந்தது இது: "நடேசலிங்கம் நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல மனிதர்களுக்கென்று இங்கே தனி விசா கிடையாது. அவருடைய வேலையால் எங்கே, என்ன மாறியது? அவருக்கு வேண்டியவர் அல்லாத ஒருவர் அதைச் சொல்வாரா?"

"வேண்டாத ஆளிட்டை நற்சான்றிதழ் வாங்கிறதோ? எங்கடை ஊரிலை ஆர், சேர், அப்பிடி எழுதித் தருவினம்?" என்று கேட்டேன்.

கேட்டு முடியவே எனக்குச் செல்லத்துரை அண்ணையின் ஞாபகம் வந்துவிட்டது.

2. செல்லத்துரை அண்ணை

தெல்லிப்பழைக்கும் மயிலிட்டிக்கும் இடையில் அவருக்கு வெங்காயத் தோட்டம். எங்கள் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல். கல்லுக்குள் நல்ல தண்ணீர். அதற்கும் கீழே கடலின் உப்புத் தண்ணீர். மிசினைப் போட்டு ஒரேயடியாக இறைத்தால் உப்பு மேலே வரும். விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறைக்க வேண்டும் என்பது நடேசலிங்கத்தின் ஆராய்ச்சி. எந்தக் கிணற்றில், எவ்வளவு நேரம் இறைக்கலாம் என்று அளந்து சொல்வதற்கு ஒரு முறையும் கண்டுபிடித்திருந்தார். உப்பு அளக்கும் மீற்றரைக் கயிற்றில் கட்டிக்கொண்டு கிணறு கிணறாகத் திரிந்தார். வெங்காயம் வாடுகிற நேரத்தில் மிசினை நிறுத்து என்றால் எந்தத் தோட்டக்காரன் சும்மா இருப்பான்? செல்லத்துரை அண்ணை மேலிடத்துக்குப் பெட்டிசம், அதாவது முறைப்பாட்டு மனு, போட்டார். ஒன்றல்ல, மூன்று. "கிணற்றுக்குள் கயிறு விட்டு விளையாடிச் சம்பளம் எடுக்கும் இவரை மன்னாருக்கு மாற்றவும்" என்பது மூன்றாவது. இங்கிலிஷில் போனால்தான் அரசாங்கக் கந்தோரில் பயப்படுவார்கள் என்று மூன்றையும் என்னிடமே கொண்டுவந்தார். நானும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். தொழில் தொழில்தானே.

நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் நடேசலிங்கம் சிரித்துவிட்டார்.

"உங்கடை டைப்ரைட்டரின்ரை எழுத்து எனக்குத் தெரியாதோ? மூண்டும் என்ரை பைலிலை கிடக்குது. கேட்டுப் பாருங்கோ."

அடுத்த சந்தை நாளில் செல்லத்துரை அண்ணையை மறித்துக் கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது.

"உவரைப் பற்றி நல்லதாய் எழுத என்னாலை ஏலாது, பிள்ளை."

"நல்லதாய் எழுத வேண்டாம் அண்ணை. நடந்ததை எழுதுங்கோ."

"எங்கை போறாராம்?"

"அமெரிக்காவுக்கு."

வெங்காயக் கடகத்தைக் கீழே வைத்தார். பிறகு தூக்கினார். "எழுதித் தாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

3. கடைசிப் பந்தி

ஒரு கிழமை கழித்துக் கொண்டுவந்தார். பெட்டிசம் எழுதிப் பழகிய கை. நடையும் பெட்டிச நடைதான்.

"மேற்படி நடேசலிங்கம் எனக்கு உறவினரும் அல்ல, நண்பரும் அல்ல. அவருக்கு எதிராக மூன்று முறைப்பாடுகள் செய்துள்ளேன். விட்டு விட்டு இறைக்கச் சொன்ன அவரைத் தோட்டப் படலைக்கு வெளியே அனுப்பினேன். பின்னர் எனது மைத்துனரின் கிணறு உவராகி வெங்காயம் கருகியது. அன்று தொடக்கம் அவர் சொன்னபடியே இறைக்கிறேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. எனது கிணற்றுத் தண்ணீரில் இன்றும் தேத்தண்ணீர் போடலாம். இப்போது எங்கள் குறிச்சி முழுவதும் அப்படியே இறைக்கிறது. வெட்கத்தில் ஒருவரும் வெளியே சொல்வதில்லை.

"ஆகையால், மேற்படியாரை உங்கள் நாட்டுக்கு எடுக்க வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் இவரைப் போல் பலர் இருப்பார்கள். எங்களுக்கு இவர் ஒருவர்தான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

"என்ன அண்ணை இது? உந்தக் கடிதத்தை அனுப்பினால் அவருக்கு விசா கிடைக்குமோ?"

"கிடைக்காட்டி நல்லம்தானே! நடந்ததை எழுதச் சொன்னனீங்கள். என்ரை மனசிலை நடந்ததையும் எழுதினன்."

பாதியை விட்டுவிட்டு மொழிபெயர்த்துச் சீல் குத்துவது என் தொழிலில் பொய். முழுவதையும் அனுப்புவதா, வேண்டாமா என்பதை நடேசலிங்கம்தான் தீர்மானிக்க வேண்டும். கொடுத்தேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார்.

"நான் சொன்னதை அந்த மனுசன் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது, தங்கச்சி. இவ்வளவு நாளும் அவரின்ரை படலைக்கு வெளியிலை நிண்டுதான் எட்டிப் பாத்தனான்."

"கடைசிப் பந்தி இருக்குது, சேர். மகளை யோசியுங்கோ."

"அவளைத்தான் யோசிக்கிறன். உந்தப் பந்தியை வெட்டினால் இதுவும் அதிபர் தந்த நற்சான்றிதழ் மாதிரித்தான். முழுசாய்ப் போடுங்கோ."

அவர் குரல் உறுதியாக இருந்தது. ஆனால் எழுந்து போகும்போது கண்ணாடியை என் மேசையில் மறந்துவிட்டார். எனக்கும் டைப் அடிக்கையில் இரண்டு இடத்தில் பிழை வந்து, முழுப் பக்கத்தையும் திரும்ப அடித்தேன். அவருடைய பைலிலிருந்த பெட்டிசங்களின் பிரதிகளையும் சேர்த்துக் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினோம்.

4. பலித்த பெட்டிசம்

சட்டத்தரணி அந்தக் கடிதத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாராம். மழைக்காலம் தொடங்குவதற்குள் அனுமதி வந்துவிட்டது. நடேசலிங்கம் போவதற்கு முதல் நாள் செல்லத்துரை அண்ணையின் தோட்டத்துக்குப் போய், கிணற்றடியில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். 

பிறகொரு நாள் செல்லத்துரை அண்ணை என் அறை வாசலில் வந்து நின்றார்.

"என்ரை பெட்டிசம் போய்ச் சேரேல்லையோ?"

"சேர்ந்தது, அண்ணை. அதாலைதான் அவருக்குக் கிடைச்சது."

விளங்கப்படுத்தினேன். ஒருவர் போவதால் இன்னொருவருக்கு எவ்வளவு நட்டம் என்பதைவிடப் பெரிய அத்தாட்சி அமெரிக்கர்களுக்குத் தேவைப்படவில்லை என்றேன்.

"மூண்டு பெட்டிசம் போட்டும் மன்னாருக்குக்கூட மாத்தேல்லை. விடவேண்டாம் எண்டு ஒண்டு போட்டன், அமெரிக்காவுக்கே போயிட்டார்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இனிக் கிணத்திலை உப்பு ஏறினால் ஆரைப் பிள்ளை ஏசுறது?"

 

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். திறமையை நிரூபிக்க வேண்டும் என்று யார் வந்தாலும், பட்டத்தையும் பரிசையும் முதலில் கேட்காதீர்கள். "நீங்கள் போனால் இஞ்சை ஆர் கஷ்டப்படுவினம்? அவையிட்டை எழுதி வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லுங்கள். பிறகு வந்தவர்களிடம் நானும் அப்படித்தான் சொன்னேன். ஒரு சத்திரசிகிச்சை வைத்தியருக்கு அவருடைய நோயாளி எழுதிக் கொடுத்தார். ஒரு கணித ஆசிரியைக்கு அவரிடம் படித்த பிள்ளையின் தகப்பன் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதங்கள் அநேகமாகத் தோற்கவில்லை. அவர்கள் போனார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் இங்கேயே இருந்தார்கள், சீல் குத்திய நானும்தான்.